ஐம்பதுக்கு ஐம்பது வாங்கிய கதவு

குறுக்கேந்தலில் இறங்கி வயிரவன் பட்டறை எங்கே என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் வழி சொல்வார்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள், அதை நீங்கள் கண்டுகொள்ளக் கூடாது. பட்டறையில் நான்கு பேர். மேஸ்திரி வயிரவன் முடிவெடுப்பார். தவசியிடம் பென்சில் இருந்ததால் அவன் எழுதுவான். இருளப்பன் சம்மட்டி பிடிப்பான். சோணை கூட இருப்பான். நால்வரும் தங்கமான மனுஷர்கள். இவர்களுக்குப் புத்தியைப் பங்கு வைக்கும்போது மட்டும் ஆண்டவன் கை தவறிக் கீழே கொட்டிவிட்டான் போலிருக்கிறது.

முன்பெல்லாம் கண்ணால் பார்த்தபடிதான் வேலை. சீனிச்சாமிக்குக் கட்டில் செய்ய அளவெடுக்கப் போனபோது அவர் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்த நீளத்துக்கே கட்டில் செய்துவிட்டார்கள். வார்னிஷ் அடித்து அதைப் பட்டறை வாசலில் காய வைத்திருந்த நாளில், ஜீப் டயர் பஞ்சரான ஒரு இன்ஜினியர் அங்கே வந்து நின்றார். கட்டிலைச் சுற்றி மூன்று முறை நடந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ஐந்து வரி எழுதினார்.

"இனிமே எதைச் செஞ்சாலும் இந்த முறைப்படி செய்யுங்க. ஒரு வரியைக்கூட விட்ராதீங்க" என்று சொல்லிவிட்டு, டயர் மாட்டியதும் போய்விட்டார். அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. ஊரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

அந்தக் காகிதத்துக்கு முதல் வேலை கொண்டுவந்தவள் பலகாரக் கடை மீனாள். அவள் கடைக் கதவைக் கரையான் தின்றுவிட்டது. திறந்து கிடந்த கடைக்குள் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய் புகுந்து புகுந்து வந்தது. நேர்ந்துவிட்ட கிடாயைக் கட்டவும் கூடாது, அடிக்கவும் கூடாது. அது எந்த வீட்டில் வாய் வைத்தாலும் சாமி சாப்பிட்டதாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். மீனாள் கன்னத்தில் போட்டுப் போட்டு அலுத்துவிட்டாள்.

"மேஸ்திரியண்ணே, வெள்ளிக்கிழமை ரைஸ்மில்காரக வீட்டுக் கல்யாணம். முந்நூறு அதிரசம் சொல்லியிருக்காக. போன மாசம் காதுகுத்துக்குச் சுட்டதுல பாதிய இந்தக் கிடாய் தின்னு, சபையில நான் தலைகுனிஞ்சு நின்னேன். இந்தத் தடவையும் கொறைஞ்சா இந்த ஊருல எவரும் என்கிட்டப் பலகாரம் சொல்ல மாட்டாக. வியாழக்கிழமைக்குள்ள எனக்கு ஒரு கதவு வேணும்."

"இம்புட்டுத்தானே தங்கச்சி. இப்ப நம்மகிட்ட முறை இருக்கு" என்றார் வயிரவன். அன்றைக்குத் திங்கட்கிழமை.

காகிதத்தின் முதல் வரி: எந்தப் பொருளையும் யார் அதிகமாகப் பயன்படுத்துகிறார்களோ அவர்களைக் கேட்டுச் செய்யவும். தவசி பென்சிலோடு மீனாள் கடைக்கு எதிரே உட்கார்ந்து சாயந்தரம்வரை எண்ணினான். அந்த வாசலை மீனாள் பயன்படுத்தியது ஒன்பது தடவை. கிடாய் பயன்படுத்தியது இருபத்து மூன்று தடவை.

"அப்பக் கிடாயைத்தான் கேக்கணும்" என்றார் வயிரவன்.

நால்வரும் போய் கிடாய் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். கதவு எந்த மாதிரி இருக்க வேண்டும், ஒற்றைக் கதவா, இரட்டைக் கதவா என்று மரியாதையாகக் கேட்டார்கள். தவசி கேள்விகளை எழுதி நீட்டினான். கிடாய் அதை வாங்கித் தின்றது.

"எழுத்துமூலமா வாங்கிக்கிருச்சு" என்றான் தவசி. எல்லோருக்கும் திருப்தி.

இரண்டாம் வரி: மனதில் தோன்றும் யோசனை எல்லாவற்றையும் எழுதவும், எதையும் கேலி செய்யக் கூடாது. செவ்வாய்க்கிழமை காலையில் நால்வரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். தவசி மரக்கதவு என்றான். இருளப்பன் அதற்கு மேலே போனான்.

"வாசல் இருந்தாத்தானே உள்ள வரும்? வாசலைச் செங்கல் வச்சு அடைச்சுருவோம்."

"மீனாள் எப்படிப் போகும்?" என்று தவசி கேட்டான்.

"அதுக்குத்தான் கூரை இருக்குல்ல. ஓட்டைப் பிரிச்சு இறங்கட்டும்."

கடைக்குச் சக்கரம் மாட்டிவிட்டால் கிடாய் வரும்போது தள்ளிக்கொண்டு போய்விடலாம் என்றார் வயிரவன். கடைசியாகச் சோணையின் முறை வந்தது. சோணை மோட்டுவளையைப் பார்த்தான்.

"சும்மா விட்டுருவோம்ணே" என்றான்.

இருளப்பன் சிரித்துவிட்டான். முறையை மீறியதற்காக அவனைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். தவசி நாலாவது யோசனையாக 'ஒன்றும் வைக்காத கதவு' என்று எழுதிக்கொண்டான்.

மூன்றாம் வரி: ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு, அதிக மார்க் வாங்கியதைச் செய்யவும். எடை, செலவு, செய்கிற நேரம், கரையான் அரிக்காமல் இருப்பது, அழகு என்று ஐந்து தலைப்பு பிரித்தார்கள். தலைப்புக்குப் பத்து மார்க்.

"கிடாய் உள்ள போகாம இருக்குமாங்கிறதுக்கு மார்க் வேணாமாண்ணே?" என்று சுவரைப் பார்த்தபடியே இருளப்பன் கேட்டான். அவன் வாழ்க்கையில் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

வயிரவன் யோசித்தார். "பயன்படுத்துறதே கிடாய்தான்னு எண்ணிப் பாத்தாச்சு. அது உள்ள போகலைன்னா அப்புறம் கதவை யாருடா பயன்படுத்துவா?"

மார்க் போட ஆரம்பித்தார்கள். மரக்கதவு கனம், செலவு, கரையானுக்கு விருந்து; இருபத்திரண்டுதான் வந்தது. செங்கல் பத்தொன்பது. சக்கரம் கிறீச்சிடும் என்பதால் பதினேழு. சோணையின் கதவுக்கு எடை இல்லை, பத்து. செலவு இல்லை, பத்து. நேரம் ஆகாது, பத்து. கரையானுக்கு வாய் வைக்க இடமே இல்லை, பத்து. அழகுக்கு மட்டும் தகராறு வந்தது. அதில் ஒரு குறையாவது சொல் பார்க்கலாம் என்று வயிரவன் தவசியைக் கேட்டார். தவசிக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்கும் பத்து.

ஐம்பதுக்கு ஐம்பது. சோணைக்கு அழுகை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவன் வாங்கிய மார்க்கையெல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது.

நாலாம் வரி முதலில் சின்னதாக ஒரு மாதிரி செய்யச் சொன்னது. ஒரு சாண் உயரத்தில் மாதிரி செய்தார்கள். இழைப்புளி போட்டு நைசாக்கி நிழலில் காய வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். வந்து பார்த்தால் அதைக் காணோம்.

மரத்தூளையெல்லாம் சலித்தார்கள். சோணையை எழுந்திருக்கச் சொல்லி அவன் உட்கார்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்கள். பொழுது சாயும்போதுதான் தவசி தன் சட்டைப் பையில் கையை விட்டு, "இந்தா இருக்குல்ல" என்றான். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அதேதான்.

புதன்கிழமை முழு அளவுக் கதவும் தயாராகிவிட்டது. மீனாள் வாசலை நூல் பிடித்து அளந்து, அரை நூல்கூடப் பிசகாமல் செய்தார்கள். ஐந்தாம் வரி: உடைகிற வரைக்கும் அடித்துச் சோதிக்கவும். இருளப்பன் சம்மட்டியை ஓங்கி அடித்தான். சம்மட்டி தடையில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து தண்ணீர்ப் பானையை உடைத்தது. கதவுக்கு ஒரு கீறல் இல்லை. மறுபடி அடித்தான். சன்னல் கண்ணாடி போனது. உச்சி வெயில்வரை அடித்தான். கடைசியில் சம்மட்டிக் காம்பு முறிந்தது.

"உடைகிற வரைக்கும்னுதான் போட்டிருக்கு. எது உடையணும்னு போடலை" என்று தவசி காகிதத்தைப் பார்த்துச் சொன்னான். சோதனை முடிந்தது.

வியாழக்கிழமை காலை கதவைத் தோளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். முன்னால் இருவர், பின்னால் இருவர். "ஓரம், ஓரம்" என்று வயிரவன் குரல் கொடுத்துக்கொண்டே போனார். டீக்கடை முக்கில் திரும்பும்போது மூலை இடிக்கும் என்று கதவை ஒருக்களித்துச் சாய்த்தார்கள். டவுன் பஸ்காரர் பாவம், பிரேக் போட்டு, அவர்கள் தாண்டுகிற வரைக்கும் காத்திருந்தார்.

மீனாள் கடைக்குள் அதிரச மாவு பாகில் பதமாகி, பாதி சுட்டும் ஆகிவிட்டது. தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தாள். நால்வரும் வந்து நிலையில் மூன்று கீல் அடித்து, கதவைத் தூக்கி மாட்டி, வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள்.

"எங்கண்ணே கதவு?" என்றாள் மீனாள்.

"மாட்டியாச்சு தங்கச்சி."

அவள் வாசலைப் பார்த்தாள். அவர்களைப் பார்த்தாள். அதற்குள் கிடாய் வந்து, கதவு வழியாக நேரே உள்ளே போய், மேல் தட்டிலிருந்து இரண்டு அதிரசம் எடுத்துத் தின்றது.

"பாத்தீகளாக்கா, எங்கயும் இடிக்கலை. ஒரு சத்தமில்லை" என்றான் தவசி. வயிரவனுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது.

மீனாளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே அவளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. நாளைக்குக் கல்யாணம், இவர்களிடம் கதவு கேட்டிருக்கிறாள். ஆனால் கெட்டிக்காரி. கிடாயை ஒரு வாழை இலை காட்டி வெளியே அழைத்துப்போய்விட்டு, வாசலில் தானே உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"உங்க பட்டறைக்குக் கதவு இருக்கா?"

"இருக்கு. பழசு. எங்கப்பா காலத்துத் தேக்கு."

"அதைக் கழட்டி எனக்குக் கொண்டாங்க."

வயிரவன் பதறிவிட்டார். "அது மரம் தங்கச்சி. மார்க் போட்டா இருபத்திரண்டு தாண்டாது. ஐம்பது வாங்கினதை விட்டுட்டு..."

"பெயிலானதே போதும்ணே. கொண்டாங்க."

சொன்னால் கேட்காதவர்களை என்ன செய்ய முடியும்? நால்வரும் போய்ப் பட்டறைக் கதவைக் கழற்றிக்கொண்டுவந்து மாட்டினார்கள். மீனாள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். கிடாய் வந்து முட்டியது, பின்வாங்கி மறுபடி முட்டியது, பிறகு வாசலிலேயே படுத்துவிட்டது. முந்நூறு அதிரசமும் குறையாமல் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ரைஸ்மில்காரர் அடுத்த மகள் கல்யாணத்துக்கும் அவளிடமே சொல்லிவிட்டார். பயன்படுத்துகிறவருக்குத் திருப்தி இல்லையே என்று நால்வரும்தான் கிடாயைத் தடவிக்கொடுத்து வருத்தப்பட்டார்கள்.

வேண்டாம் என்று திருப்பியனுப்பிய கதவை வீணாக்க முடியுமா? ஒருக்களித்து, ஓரம் சொல்லி, பட்டறைக்கே தூக்கிவந்து மாட்டினார்கள். நிலையிலிருந்த நாதாங்கியில் நல்ல பூட்டாக ஒன்று தொங்கவிட்டார்கள். காலையில் பூட்டைத் திறந்து உள்ளே போவார்கள். சாயந்தரம் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஒரு நாள் இருளப்பன் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டிருந்தான். கிடாய் அதன் பையைத் தின்றுவிட்டது. சாவி அந்தப் பையில்தான் இருந்தது. மறுநாள் காலை நால்வரும் பூட்டிய கதவுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். பத்து மணிக்குக் கிடாய் வந்தது, அவர்களைத் தாண்டி உள்ளே போனது.

"பாத்தியா, சாவி அதுகிட்டத்தான் இருக்கு" என்றார் வயிரவன். நால்வரும் கதவு சாத்துவதற்குள் அதன் பின்னாலேயே ஓடி உள்ளே போனார்கள்.

அதிலிருந்து பட்டறையின் வேலை நேரம் கிடாயின் நேரம்தான். அது போனால் போவார்கள், வந்தால் வருவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை சோணை தூங்கிவிட்டான். கிடாய் வெளியே வந்துவிட்டது, மூவரும் வந்துவிட்டார்கள், சோணை உள்ளே மாட்டிக்கொண்டான். கிடாய் பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போனது திரும்பவில்லை. இரண்டு நாளாகச் சோணைக்குச் சாப்பாடு சன்னல் வழியாகத்தான் போனது. சன்னலில் கம்பி நெருக்கம், அதனால் அப்பளம் மட்டும்தான் நுழைந்தது.

"அண்ணே, கதவு சரியாச் சாத்தலை போல. காத்து வருது" என்று உள்ளேயிருந்து சோணை சொன்னான்.

சேதி கேட்டு மீனாள் ஒரு தூக்குச்சட்டியில் சோறும் இலையில் நாலு அதிரசமும் எடுத்துக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் நேரே உள்ளே போனாள். சோணையின் கையில் சட்டியைக் கொடுத்தாள். காதைப் பிடித்து அவனை வெளியே இழுத்துவந்து நிறுத்தினாள்.

வயிரவன் மெல்ல நிலையருகே போய், காலடியில் குனிந்து, தரையைத் தடவிப் பார்த்தார்.

"உடைஞ்சிருச்சுடா" என்றார்.

தவசி மடியிலிருந்து காகிதத்தை எடுத்து ஐந்தாம் வரிக்கு நேரே ஒரு கோடு போட்டான். சம்மட்டிக்கு அசையாதது மீனாள் ஒருத்திக்கு உடைந்துவிட்டது என்றால் கனம் போதவில்லை என்று அர்த்தம். இந்தத் தடவை இரண்டு மடங்கு கனமாகச் செய்வதென்று அங்கேயே முடிவானது.

தூக்குவதற்கு நாலு பேர் போதாது என்று பக்கத்து ஊரில் ஆளுக்குச் சொல்லிவிட்டிருக்கிறார்கள்.