அக்காள் குருவியின் கம்மிய குரல்

அந்தக் காலத்தில், பறவை பேசினால் மனிதருக்கு விளங்கிய நாளில், ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியும்படி இரண்டு தீவுகள் இருந்தன. ஒரே கூட்டில் பொரித்த அக்காள் தங்கை கதிர்க்குருவிகள் ஆளுக்கொரு தீவில் குடும்பம் நடத்தினார்கள். இருவருக்கும் ஒரே நிறம், ஒரே குரல். பாம்பும் பூனையும் இல்லாத ஊர், தரையோரப் புல்லிலேயே கூடு கட்டினார்கள்.

ஒருநாள் சாத்தையா என்ற மீனவர் விறகு பொறுக்க அக்காள் தீவில் இறங்கினார். அவருடைய ஓலைக்கூடையிலிருந்து ஓர் எலியும் இறங்கியது. வயிற்றுப்பிள்ளைக்காரி.

"ஒதுங்க இடம் கிடைக்குமா, அம்மா?"

"இடத்துக்கா பஞ்சம்? வா, வந்து இரு," என்றாள் அக்காள். வந்தவரைப் போ என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. எலியை அதற்குமுன் பார்த்ததும் இல்லை.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் என்பார்கள். இது மடத்தோடு நிற்கவில்லை. எலி குட்டி போட்டது, குட்டிகளும் குட்டி போட்டன. கூடு கூடாக முட்டைகள் போயின. நாலு மழைக்காலத்துக்குள் அந்தத் தீவில் மிஞ்சியவை ஏழே குருவிகள். அக்காளுக்கு மிஞ்சியது ஒரு முட்டை. புருஷன் கொண்டுவந்ததைத் தின்றுகொண்டு அதன்மேலேயே கிடந்தாள்.

சாத்தையா மறுபடி வந்தார். காய்ந்த விறகு அகப்படவில்லை. அடுத்த தீவைப் பார்ப்போம் என்று படகைத் தள்ளினார். அவர் கூடைக்குள் ஓர் எலி நுழைந்ததை அக்காள் பார்த்துவிட்டாள்.

எழுந்தால் முட்டை போய்விடும். இரண்டு முழம் தள்ளி இன்னோர் எலி காத்திருந்தது. எழாவிட்டால் தங்கை குடும்பமே போய்விடும். பாவி மகள், எழுந்து படகுக்குப் பின்னாலேயே பறந்துவிட்டாள்.

"கூடையைக் கவுத்துங்கண்ணே!"

எதிர்க்காற்று. கத்திக் கத்தித் தொண்டை கிழிந்த பிறகுதான் சாத்தையா காதில் விழுந்தது.

"கரை நெருங்குறப்பதான் வந்து வம்பு பண்ணுவியா, தாயி?" என்று சலித்தபடி கூடையைக் கடலில் தட்டினார். எலி பொத்தென்று விழுந்தது.

"அடக் கடவுளே! நான் கொண்டாந்த வினையா இது?" என்றார் சாத்தையா.

அக்காள் திரும்பியபோது கூட்டில் ஓடுதான் கிடந்தது. அழுதாள், சத்தம் வரவில்லை.

தங்கைக்கு இது எதுவும் தெரியாது. "அவ்வளவு தூரம் வந்தவ, ஒரு எட்டு என் வீட்டுக்கு வரலையே" என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

அன்று முதல்தான் தங்கை வம்சம் எண்ணி மாளாமல் பெருகிக் கிடக்கிறது, அக்காள் வம்சம் கம்மிய குரலோடு விரல்விட்டு எண்ணும்படி இருக்கிறது, கூடையைக் கடலில் தட்டாமல் எந்த மீனவரும் தங்கை தீவில் கால் வைப்பதில்லை.