எத்தனை தடவை பார்த்தாலும் சிவப்பு

டாக்டர் உமையாளிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தபோது மாசிலாமணிக்குத் தலை பாதி நரைத்திருந்தது. தூத்துக்குடியில் ஒரு காலேஜில் விலங்கியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்த மனுஷன். மகன் எபி பைக்கிலிருந்து விழுந்து தண்டுவடம் அறுந்ததும், வேலையை உதறிவிட்டுக் குடும்பத்தோடு இந்த ஊருக்கே வந்துவிட்டார். குருவுக்குச் சிஷ்யனைவிட வயது கம்மி. அவர் ‘மேடம்’ என்பார், அவள் ‘சார்’ என்பாள். லேபில் நாங்கள் சிரித்துக்கொள்வோம். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டோம்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். ஸ்டெம் செல்லை எபியின் முதுகில் வைக்க வேண்டும், அது நரம்பாக வேண்டும், பையன் எழுந்து நடக்க வேண்டும்.

நரம்பு ஸ்டெம் செல் இன்னும் எதுவாகவும் ஆகாத செல். செய்தி கடத்துகிற நரம்பணுவாகலாம். அந்த நரம்புக்கு உறை சுற்றுகிற செல்லாகலாம். அக்கம்பக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிற நட்சத்திரச் செல்லாகலாம். ஆகிவிட்டால் பெரும்பாலும் ஆனதுதான்.

கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது மாசிலாமணியின் செல்கள் அநேகமாக நரம்பணுவாயின. சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பச்சைப்பசேல் என்று இருந்தது. பச்சை என்றால் நரம்பணு. அன்றைக்கு லேப் முழுக்க மஸ்கோத் அல்வா கொடுத்தார்.

அதே செல்களில் இன்னும் எதுவாகவும் ஆகாதவற்றை எடுத்து, முதுகு அடிபட்ட எலிக்கு வைத்தார். எலி நடக்கவில்லை. தண்டுவடத்தைச் சீவிச் சாயமேற்றினால் ஒரே சிவப்பு. சிவப்பு என்றால் நட்சத்திரச் செல். புண்ணைச் சுற்றி இறுகிப்போய்த் தழும்பாக உட்கார்ந்திருந்தது.

“சாயம் கெட்டுப்போச்சு மேடம்” என்றார்.

புதுச் சாயம் வரவழைத்தாள். சிவப்பு.

“எலி சரியில்ல.”

வேறு எலி. அதுவும் சிவப்பு. மனுஷன் ஒத்துக்கொண்டால்தானே!

கடைசியில் ஒருநாள் காலை, அவள் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“தட்டுல நரம்பா ஆச்சே மேடம். புண்ணுக்குள்ள போனா மட்டும் ஏன் தழும்பாகுது?”

“சுத்தி இருக்கறது என்ன சொல்லுதோ, அதைத்தான் சார் அது கேட்கும். புண்ணுக்குள்ள ஒரே பேச்சுதான். அடை, மூடு, இறுக்கிப் பிடி.”

“அப்ப எபி?”

“இந்தச் செல்லை நம்பி அவனை நடக்க வைக்க முடியாது சார்.”

“இப்போதைக்குத்தானே?”

“பொய் சொல்ல எனக்கு வாய் வரல.”

மாசிலாமணி ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“நான் என்னத்துக்கு இங்க வந்தேன்? வீட்டுக்குப் போயி அவன் மூஞ்சியில எப்படி முழிப்பேன்? அவன் என்கிட்ட வாய்விட்டுப் பேசியே வருஷமாச்சு மேடம். எப்படி இருந்த பிள்ளை! கால்தானே போச்சு? மனசு ஏன் இப்படிக் கல்லாப் போச்சு?”

உமையாள் கையை நீட்டினாள்.

“உங்க போனைக் குடுங்க.”

அவளே எபியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். உடனே எடுத்தான். ஹலோகூடச் சொல்லவில்லை.

“அப்பா, யூரின் டியூப் மாத்தியாச்சு. முதுகுப் புண்ணுல நீர் இல்ல. அம்மா காலைத் தேய்ச்சுவிட்டாங்க. அசையல. வச்சிரட்டா?”

வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருந்தது.

உமையாள் போனை அவர் முன்னால் வைத்தாள்.

“பேசுங்க சார். புண்ணைத் தவிர வேற எதையாவது.”

மாசிலாமணி வாயைத் திறந்தார்.

“அப்பா? வேற என்னப்பா தெரியணும்?” என்று கேட்டான் எபி.

அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை.