எல்லைக்கல்லில் ஜவ்வாது

சூரங்குளம் ஜமீன்தார் எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் அவருக்குக் கோழி விருந்து போட வேண்டும். அது வழக்கம். கருவேலம்பட்டியிலோ அவர் முன்னால் வந்தது கம்மங்கூழும் வெங்காயமும்தான்.

“இதுதான் எனக்கு மரியாதையா?” என்று மீசை துடிக்கக் கேட்டார். “யார் மேலும் பழி போடாமல் காரணம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கண்மாய்க்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விடமாட்டேன்!”

முந்தின நாள்தான் அவருடைய மச்சினர் பரிவாரத்தோடு வந்து ஊர்க்கோழிகளை எல்லாம் தின்று தீர்த்துவிட்டுப் போயிருந்தார். அதை யார் சொல்வது? கூழ் காய்ச்சிய சடைச்சி மட்டும் பக்கத்திலிருந்த அவரைக்கொடிப் பந்தலைக் காட்டினாள்.

“எசமான், அந்தக் கருவண்டைப் பாருங்க. பூ கிட்டப் போயிட்டு உட்காராமத் திரும்புது.”

“ஏனாம்?”

“இப்பத்தான் இன்னொரு வண்டு தேனைக் குடிச்சிட்டுப் போயிருக்கு. அதோட கால் வாசம் பூவுல இருக்கு. மறுபடி தேன் ஊற நேரமாகும்னு தெரிஞ்சு, இது வேற பூவுக்குப் போகுது. பூ மேல கோவிச்சுக்கிறதில்ல.”

ஜமீன்தார் யோசித்தார். பிறகு, தமக்கு விரித்திருந்த ஜமுக்காளத்தைக் குனிந்து முகர்ந்தார். மச்சினர் பூசும் ஜவ்வாது கமகமத்தது. வயிறு குலுங்கச் சிரித்தவர், இரண்டு கலயம் கூழ் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

அன்றிலிருந்து எந்த ஊர் எல்லையிலும் நின்று மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார். ஜவ்வாது மணந்தால் பல்லக்கு திரும்பிவிடும்.

சேதி சடைச்சி காதுக்கு எட்டியது. சும்மா இருப்பாளா? அடுத்த சந்தையிலேயே ஒரு டப்பி ஜவ்வாது வாங்கி வந்து, ஊர் எல்லைக்கல்லில் தடவிவிட்டாள்.