காலையில் மடங்காத விரல்கள்

காட்டாற்றங்கரை அத்திமரத்தில் ஒரு குரங்குக் கூட்டம் இருந்தது. பொழுது விடிந்ததும் தலைவன் கடுவனுக்கு எல்லோரும் பேன் பார்க்க வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

பவளம் என்ற மந்தி சில வாரங்களாக வரவில்லை. காலையில் அவள் விரல்கள் மடங்கவே மாட்டேன் என்றன. வெயில் ஏறிய பிறகுதான் மெல்ல இளகின. ஒருநாள் மதியம் அவள் தன் குட்டிக்குப் பேன் பார்ப்பதைக் கடுவன் பார்த்துவிட்டான்.

“காலையில் கை வலி! மதியம் கை சரி! யாரிடம் நடிக்கிறாய்? நாளைக் காலை வராவிட்டால் குட்டியோடு வெளியே போ!”

பவளம் தலைகுனிந்தாள். காலையில் கிளையையே பிடிக்க முடியாதவள் குட்டியோடு எங்கே போவாள்?

பக்கத்துக் கிளையிலிருந்து மின்னி என்ற அணில் விறுவிறுவென்று இறங்கி வந்தாள்.

“தலைவரே, காலையில் புல்லில் பனி இருந்ததா?”

“இருந்தது.”

“இப்போது?”

“காய்ந்துவிட்டது. அதற்கென்ன?”

“அப்படியானால் பனியே பெய்யவில்லை, புல் நடித்தது! அப்படித்தானே?”

மற்றக் குரங்குகள் சிரித்துவிட்டன.

“உடம்பு இத்தனூண்டு, வாய் எத்தனை நீளம்!” என்று கடுவன் சீறினான்.

“என் வாய் இருக்கட்டும், அக்காவின் கையைப் பாருங்கள்! ஒருமுறையாவது பார்த்தீர்களா?”

யாரும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார்கள். இரண்டு கையிலும் விரல் முட்டிகள் ஒரே மாதிரி வீங்கியிருந்தன. தொட்டால் சூடு. கடுவன் மிரட்டியதை விட்டுவிட்டு மேல்கிளைக்கு ஏறிப்போனான்.

“வைத்தியர் கீரியிடம் போகலாம், அக்கா!”

“தானே சரியாகிவிடும், மின்னி. எதற்குத் தொந்தரவு?”

“இத்தனை வாரம் ஆகாதது இனிமேலா ஆகும்? எழுந்திருங்கள்!”

கீரி விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார், மற்ற தொல்லைகளையும் கேட்டறிந்தார். “அடிபட்ட வலி என்றால் ஒரு கையில் இருக்கும், சில நாளில் போகும். இது இரண்டு கையிலும் வீக்கம், காலையில் வெகுநேரம் விறைப்பு, உடம்பெல்லாம் அசதி. உன் உடம்பே உன் மூட்டுகளைப் பகையாக நினைத்துத் தாக்குகிறது, அம்மா. விட்டிருந்தால் விரல்கள் கோணிப்போயிருக்கும். நல்லவேளை, இப்போதே வந்தாய்! மருந்து தருகிறேன், அதை நீயாக நிறுத்தாதே. அவ்வப்போது வந்து காட்டு.”

மெல்ல மெல்ல வீக்கம் வற்றியது. ஒரு காலையில் பவளம் கிளை பிடித்து இறங்கினாள். கடுவன் முதுகை வாகாகத் திருப்பி உட்கார்ந்தான். அவளோ அவனைத் தாண்டிப் போய், மின்னியின் வாலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அக்கா, எனக்குப் பேனே கிடையாது!”

“இல்லாவிட்டால் என்ன? என் விரல் மடங்குகிறது பார்! அதன் முதல் வேலை உனக்குத்தான்.”

தலைவன் காத்திருந்தான். நன்றாகக் காத்திருக்கட்டும்!

வாரக்கணக்கில் விடாமல் காலையில் விறைத்து வீங்கும் மூட்டுகளை நடிப்பென்று ஏசுவதும் தவறு, தானே போகுமென்று பொறுப்பதும் தவறு. உடனே வைத்தியரிடம் போக வேண்டும், போகச் சொன்னவரை மறக்கக் கூடாது.