கெட்டிமேளத்தைப் பறித்து வந்தவர்

மலைமேல் ஒரு மடம். அங்கே சங்கிலிமுத்து என்று ஒரு சீடர் இருந்தார். முன்பு பாளையக்காரரின் காவல்படையில் இருந்தவர். துறவு வாங்கும்போது வாளைக் கொடுத்தார், தலைமுடியைக் கொடுத்தார். மீசையை மட்டும் கொடுக்கவில்லை. குருவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் குரு எள் என்றால் எண்ணெயாய் நிற்பார்.

ஒருநாள் காலையில் அடிவாரத்து ஊரிலிருந்து பூவாயி மூச்சிரைக்க ஏறி வந்து சங்கிலிமுத்துவின் முன்னால் நின்றாள். இன்னும் சற்று நேரத்தில் அவள் மகளுக்குத் தாலி ஏற வேண்டும்.

"தவுல் குச்சியையும் நாயனத்தையும் குடுத்துருங்க. கெட்டிமேளம் இல்லாம எம்பொண்ணுக்கு எப்படித் தாலி கட்டுறது?"

"சாமி அமைதி கேட்டிருக்கார். போம்மா."

"கட்டிட்டு வான்னா வெட்டிட்டு வர்ற ஆளுய்யா நீரு!"

சங்கிலிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நேரே குருவிடம் ஓடினார்.

"சாமி, கட்டிட்டு வான்னா வெட்டிட்டு வர்ற ஆளுன்னு என்னைச் சொல்றாங்க. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்? அது எங்கே பிறந்தது?"

"அப்படிச் சொல்லும்படி என்ன செஞ்சீர்?"

மூன்று நாளுக்கு முன் குரு காதைத் தேய்த்துக்கொண்டு, "கீழே கொஞ்சம் சத்தம் அதிகமோ?" என்றிருந்தார். அவ்வளவுதான். சங்கிலிமுத்து அன்றே இறங்கிப் போய் மாட்டுக் கழுத்து மணிகளை அவிழ்த்தார். சேவல்களைக் கூடைபோட்டு மூடினார். அழுத கைக்குழந்தையை மீசை முறுக்கியே அடக்கினார். நேற்று மேளக்காரர் வீட்டுக்கும் போய்த் தவில் குச்சியையும் நாயனத்தையும் பறித்து வந்தார்.

எல்லாவற்றையும் மார்பு நிமிர்த்தி ஒப்பிக்கத் தொடங்கினார்.

குரு முழுதாகக் கேட்கவில்லை. குச்சியையும் நாயனத்தையும் வாங்கினார், வேட்டியை மடித்துக் கட்டினார், ஒரே ஓட்டமாய் இறங்கினார். பின்னால் பூவாயி. அவளுக்குப் பின்னால் மணிமூட்டையைச் சுமந்தபடி சங்கிலிமுத்து.

பந்தலில் மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தான். தவில்காரர் பாய்ந்து வந்து குச்சியை வாங்கினார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தியது குருவேதான்.

மலையே அதிர்ந்தது. மூன்று நாள் அடக்கி வைத்த ஊர் வாய்விட்டுக் குலவையிட்டது. பூவாயி அழுதாள், சிரித்தாள், சாமியின் கை நிறையப் பணியாரத்தை வைத்தாள். அப்படி ஒரு சந்தோஷம்!

சங்கிலிமுத்து மட்டும் பந்தல்காலுக்குப் பின்னால் நின்றார்.

"அது பாராட்டு இல்லையா சாமி?"

"பிடிச்சுக் கட்டிட்டு வான்னு அனுப்பினா, தலைய வெட்டிட்டு வந்து நிக்கிறவனைச் சொல்றதய்யா அது."

சங்கிலிமுத்துவின் கண் கலங்கிவிட்டது.

"அப்போ என்னை மாதிரி ஒருத்தன்கிட்டதான் அது பிறந்திருக்கும். நான் மடத்தை விட்டுப் போயிடறேன் சாமி."

குரு ஒரு பணியாரத்தை எடுத்து அவர் வாயில் திணித்தார்.

"உம்மகிட்ட எங்கய்யா பிறந்தது? மூணு நாளா ஒரு சேவல்கூடக் கூவல. ஏன்னு ஒரு வார்த்தை கேக்காம, நிம்மதியாத் தூங்கினேனே, என்கிட்ட பிறந்தது."