மேற்கு வாசலுக்கு அந்தப் பக்கம்

வெகு காலத்துக்கு முன்னால் மல்லிநாடு என்கிற நாட்டை வீரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. அவர் வம்சத்தில் ஒரு வழக்கம். ராஜா என்றால் கிழக்கு வாசல் வழியாகத்தான் போகணும், வரணும். மேற்கு வாசல் விறகு சுமக்கிறவர்களுக்கும் சாணி அள்ளுகிறவர்களுக்கும். பிறந்ததிலிருந்து அந்தப் பக்கம் ராஜா எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

மந்திரி பூவணன் இதற்கு நேர் எதிர். சபை கலைந்ததும் கால் போன போக்கில் கிளம்பிவிடுவார். நேற்று போன தெருவில் இன்று போக மாட்டார். முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டால் அதிலும் ஒரு சந்தோஷம் அவருக்கு. எந்தக் கிணறு வற்றுகிறது, எந்தப் பாலம் ஆட்டம் கண்டிருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகத் தெரிந்துகொண்டு வருவார். சும்மா சொல்லக் கூடாது, அந்த ஊர் நிம்மதியாக இருந்ததே அவர் செருப்புத் தேய்ந்ததால்தான்.

கச்சிராயருக்கு இது பொறுக்கவில்லை. அவர் அரசவைத் தூதர். போகிற வழியெல்லாம் பல்லக்கில் தூங்குவார், வந்ததும் ஐம்பத்தாறு தேசமும் பார்த்ததாக அளப்பார். மந்திரி இப்படித் தெருத்தெருவாகத் திரிந்தால் ராஜாவுக்கல்லவா கேவலம் என்று அவர் தூபம் போட, ராஜாவுக்கு அன்றைக்கென்று கோபம் வந்துவிட்டது.

"ஊர் சுற்றுவதால் எனக்கு என்ன லாபம் என்று நாளைக்கே காட்டும், மந்திரியாரே. இல்லாவிட்டால் ஆயுசுக்கும் உம் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது."

பூவணன் பதறிப்போனார். தலையை எடுப்பேன் என்றிருந்தால்கூட இப்படிப் பதறியிருக்க மாட்டார், பாவம். ஆனாலும் வெளியே காட்டிக்கொள்ளாமல், நாளைக்கு ஒரு புது தேசத்தையே காட்டுகிறேன், கச்சிராயரும் வரட்டும், பல்லக்குகளுக்குத் திரை மட்டும் போடணும் என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் கிழக்கு வாசல் வழியாக இரண்டு பல்லக்குகளும் புறப்பட்டன. மந்திரி நடந்தே வந்தார். ஊரைச் சுற்றிச் சுற்றி, உச்சிவேளை நெருங்கும்போதுதான் இறக்கினார்கள். அதற்குள் ராஜாவுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. கச்சிராயர் நல்ல தூக்கம்.

திரையை விலக்கினால், எதிரே குளம் நிறையச் செந்தாமரை. கரையில் சாயம் தோய்த்த சேலைகள் மஞ்சளும் சிவப்புமாகக் காய்கின்றன. ஆள் யாரென்றே தெரியாமல் ஒரு பெண் நுங்கு சீவிக் கொடுத்தாள். ராஜா உறிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு, இது எந்த தேசம் என்று கேட்டார்.

கச்சிராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முந்திக்கொண்டார். "மேலைநாடு, மகாராஜா. தூது வந்தபோது இந்தக் குளத்தில் குளித்திருக்கிறேன்."

"அப்படியானால் இந்த ஊர் ராஜாவையும் பார்த்திருப்பீரே. ஆள் எப்படி?" என்று பூவணன் மெல்லக் கேட்டார்.

"அவனா? சுத்த மண்டு. இத்தனை அழகைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் வந்து பார்த்ததில்லை. நம் மகாராஜா நினைத்தால் இன்றைக்கே பிடித்துவிடலாம்."

ராஜா மீசையை முறுக்கினார். படையைத் திரட்டச் சொல்ல வாயைத் திறக்கும்போது பின்னாலிருந்து முரசுச் சத்தம். ஒரு பக்கம் தோல் கிழிந்த முரசு, பொத்து பொத்தென்று கேட்கும். தினம் உச்சிவேளையில் கேட்கிற சத்தம்தான்.

"நம் அரண்மனை முரசு மாதிரி இருக்கிறதே?"

"திரும்பிப் பாருங்கள், மகாராஜா" என்றார் பூவணன்.

மாந்தோப்புக்கு மேலே ராஜாவின் கொடியே பறந்தது. அதற்குக் கீழே அவருடைய மேற்கு வாசல். கச்சிராயர் தடாலென்று காலில் விழுந்தார்.

ராஜா கொடியையும் குளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். "எழுந்திரும். இந்த ஊர் ராஜா மண்டு என்றீரே, உம் வாயிலிருந்து வந்த ஒரே நிஜம் அதுதான், அதனால் தலை தப்பியது. ஆனால் இனி உமக்குப் பல்லக்கு கிடையாது. தினமும் மந்திரி பின்னால் நடந்து வாரும்."

பூவணனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். மேற்கு வாசலில் மகாராஜாவின் கால் பட்டால் போதும் என்றார் அந்த மனுஷர். வேறு யாராயிருந்தாலும் பத்து கிராமம் கேட்டிருப்பார்கள்.

ராஜா பல்லக்கை அனுப்பிவிட்டு நடந்தார். வாசல் கண்ணெதிரே இருந்தும் வேண்டுமென்றே ஒரு சந்தில் திரும்பினார். அது இன்னொரு சந்தில் விட்டது. பொழுது சாயும்போது வழி தெரியாமல் நின்று, மோர் விற்கிற ஒரு அம்மாளிடம் அரண்மனைக்கு எப்படிப் போவது என்று கேட்டார்.

அவள் மேலும் கீழும் பார்த்தாள். "ஊருக்குப் புதுசா?"

"ஆமாம் தாயி" என்றார் ராஜா. "இன்றைக்குத்தான் வந்தேன்."