கூப்பு லாரிக்குக் குடிவந்தது

சத்தியம், சத்தியம், முச்சத்தியம்! இதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தா, வாயில மிச்சம் இருக்கற ரெண்டு பல்லும் இப்பவே விழட்டும். விழுந்துச்சா? இல்லேல்ல? அப்போ போர்வைய இழுத்துக்கிட்டுக் கேளு.

ஒரு மலையில ஒரு லாரி. பட்டாளத்துல ஓடி ஓய்ஞ்சு, ஏலத்துல வந்து, கூப்புல மாட்டிக்கிட்ட லாரி. கூப்புன்னா காட்டுல மரம் வெட்டுற எடம். லாரிக்கு ஒரு பக்கம் கதவே இல்ல, இன்னொரு பக்கக் கதவ கயித்துல கட்டியிருக்கு. ஹாரன் செத்துப் பதினோரு வருசம். பிரேக்க மிதிச்சா, "பாக்கலாம்"னு சொல்லும், அவ்வளவுதான். அத ஓட்டுனவன் பேரு மாசாணம். ம் சொல்லு. ஆங்.

அந்தக் கூப்புக்காரங்களுக்கு ஒரு பழக்கம். ஒரு மரத்த வெட்டணும்னா, முந்துன நாளு சாயங்காலமே அடிமரத்துல கோடாலியச் சாத்தி வச்சு, "நாளைக்கு வெட்டுறோம், குடியிருக்கறவங்க வேற எடம் பாத்துக்குங்க"ன்னு சொல்லிட்டு வந்துரணும். சொல்ற பொறுப்பு வேலப்பனோடது. அவன் மாசாணத்துக்குத் தங்கச்சி புருசன்.

அப்புறம் ஒரு நாளு, காத்தடிச்சு மேகம் கட்டுச்சு. மழைக்கு முந்தி ஒரு லோடு எறக்கிரணும்னு அவசரம். சடசடசடன்னு மரம் சாஞ்சுது. நல்ல தடிமரம், மூணு பேரு சேந்தாத்தான் கட்டிப்பிடிக்கலாம். லாரியில ஏத்துனாங்க. கடைசி மரத்துண்ட ஏத்துறப்போ, கடகடகடன்னு உருண்டு வந்து வேலப்பன் தொடை மேல ஏறிருச்சு. ரத்தம் குபுகுபுன்னு வருது. தோள் துண்ட வச்சு இறுக்கிக் கட்டி, அவனத் தூக்கி முன்னாடி சீட்டுல போட்டாங்க. லோடு எறக்க நேரமில்ல. மாசாணம் கெளப்பிட்டான். "தங்கச்சி ஏழு மாசமா இருக்கா. இவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" அவன் நெஞ்சுல இது ஒண்ணுதான்.

பட்டப்பகல். ஆனா வெள்ளவெளேர்னு மூடுபனி. லாரி மூக்கே தெரியல.

மொத வளைவு. பின்னாடி கேபின் பலகையில, "டொக்."

லாரிக்காரங்களுக்கு ஒரு தட்டுன்னா நில்லு, ரெண்டு தட்டுன்னா போ. யாரு தட்டுனான்னு யோசிக்கவே இல்ல, மாசாணம் காலு தானா பிரேக்க மிதிச்சிருச்சு. அப்போதான் ஒறைச்சுது, பின்னாடி யாருமே ஏறலையே! லாரி உருண்டு உருண்டு ஒருவழியா நின்னதும் எறங்கிப் பாத்தான். ஈர மரம் மட்டும் கெடக்கு. திரும்ப வந்து ஏறுனான்.

"மச்சான்," வேலப்பன் முனகுனான், "நேத்து கோடாலியச் சாத்தல."

"அடப்பாவி! ஏன்டா மாப்ளே?"

"பரோட்டா ஆறிடும்னு ஓடிட்டேன்."

ம் சொல்றியா, தூங்கிட்டியா?

ரெண்டாவது வளைவு. "டொக்." இந்தத் தடவ நிக்கமாட்டேன்னு ஆக்சிலேட்டர மிதிச்சான். அப்போ எஞ்சின் தானா அமந்துருச்சு. எறங்கி, ஒரு சுருட்டப் பத்தவச்சு மரத்து மேல வச்சான். "சாமி, தெரியாமப் பண்ணிட்டான், விட்டுருங்க." சுருட்டு நுனி கணகணன்னு செவந்துச்சு. உஸ்ஸ்ஸ்... ஒரே இழுப்புல மொத்தமும் சாம்பல். ஆனா யாரும் இல்ல. எஞ்சின் ஒரு வளைவுக்குத்தான் ஓடுச்சு.

மூணாவது வளைவு. "டொக்." நின்னுருச்சு. வேலப்பன் ஒதடு நீலமாயிருச்சு. பலகைக்கு அந்தப் பக்கம், ஈரக் கட்டையும் கட்டையும் ஒரசுற மாதிரி ஒரு குரலு.

"என் வீடு எங்க போகுது?"

"மர மில்லுக்குங்க."

"அங்க?"

"அறுப்பாங்கங்க."

பனி மட்டும் சொட்டு, சொட்டு, சொட்டு.

"நான்?"

அப்போ மாசாணம் தங்கச்சிய நெனச்சான், வேலப்பனப் பாத்தான், ஸ்டியரிங்க ஒரு தடவ தடவுனான். "இந்த லாரிய எடுத்துக்கங்க. இவன ஆஸ்பத்திரியில எறக்குனதும் உங்களுக்குத்தான்."

"ஒழுகுமா?"

"எடது பக்கம் மட்டும் லேசாங்க."

ரொம்ப நேரம் யோசிச்சுது. அப்புறம், "டொக் டொக்."

அப்போ பாக்கணுமே! டர்ர்ர்ருன்னு பறந்துச்சு. பொறந்ததுலேர்ந்து பிடிக்காத பிரேக்கு அன்னைக்குக் கச்சுன்னு பிடிச்சுது. ஆஸ்பத்திரியில, "அரை மணி பிந்தியிருந்தா ஆளு இல்ல"ன்னுட்டாங்க. வேலப்பன் பொழச்சான். மாசாணம் பின்வாசல் வழியா நழுவப் பாத்தான். பாம்ம்ம்ம்! செத்த ஹாரன் கத்துது. தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்தான்.

"அதான் குடுத்துட்டேனே, எடுத்துட்டுப் போங்க."

"எனக்கு ஓட்டத் தெரியாது."

அப்புறம் என்ன, அவனே ஓட்டிக்கிட்டு மலையேறுனான். வெட்டுன மரத்தோட அடிக்கட்டை பக்கத்துல நிறுத்தி, சாவிய சீட்டுல வச்சுட்டு, திரும்பிப் பாக்காம வீட்டுக்கு நடந்தே எறங்குனான். தங்கச்சிக்குப் பொண்ணு பொறந்துச்சு. எல்லாம் சுகம்.

ஆனா அந்த மலையில பனி மூடுற அன்னைக்கெல்லாம் ஒரு சத்தம் கேக்குது. க்ரக்... க்ரக்... டுர்ர்ர்... டப். யாரோ கியர் போட்டுப் பழகுறாங்க. மொத வருசம் மொத கியர்தான் விழுந்துச்சு. போன வருசம் ரெண்டாவது. இந்த வாரம் மூணாவது விழுந்துருச்சாம். சத்தம் கீழ் வளைவு வரைக்கும் வந்துருச்சாம். மழைக்காலம் பாரு, வண்டி மொத்தமும் ஒழுகுது போல, லேசாத்தான் ஒழுகும்னு சொன்னவன் எங்கன்னு தேடுது.

லாரி எறங்கட்டும், நீ கண்ண மூடு. கதை அவ்வளவுதான். ஆனா ஒண்ணு கண்ணு, வழியில யாராவது, "இத உனக்கு யாரு சொன்னது, அவரு வீடு எது?"ன்னு கேட்டா, தெரியாதுன்னு சொல்லிரு. என்ன? என்னையச் சொல்லமாட்டேல்ல? ம் சொல்லு.